பின்தங்கிய கடிகாரம்

(குன்றத்தூரில் நடைபெற்ற குறுவள மையக் கூட்டத்தில் கணித ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எங்கள் பள்ளியின் கணினி ஆய்வகத்துக்கும் நான்தான் பொறுப்பு. ஒரு திங்கட்கிழமை காலை, மாணவர்களின் உதவித்தொகை விண்ணப்பங்களைப் பதிவேற்ற உட்கார்ந்தேன். அன்றுதான் கடைசி நாள். இணையப் பக்கம் திறக்கவில்லை. இணைப்பு பாதுகாப்பானதல்ல என்ற எச்சரிக்கையே திரும்பத் திரும்ப வந்தது. திரையின் ஓரத்தைப் பார்த்தேன். தேதி பல ஆண்டுகள் பின்னால் இருந்தது.

இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினியின் தேதி அவற்றுக்கு இடையில் இல்லாவிட்டால் உலாவி எச்சரித்து நிறுத்திவிடும். தேதியைக் கையால் திருத்தினேன். பக்கம் திறந்தது, விண்ணப்பங்களும் போய்ச் சேர்ந்தன.

ஆனால் அதற்கு மூன்று வாரம் முன்பே நான் ஒரு தவறு செய்திருந்தேன். அந்தக் கணினியில் நேரம் அடிக்கடி பின்தங்கியது. அதில் வழக்கமாக உட்காரும் ஒன்பதாம் வகுப்பு மாணவன்தான் மாற்றிவைக்கிறான் என்று எண்ணி, வகுப்பின் முன்னால் அவனைத் திட்டிவிட்டேன்.

அவன் எதிர்த்துப் பேசவில்லை. அன்று முதல், ஆய்வகம் திறந்ததும் கணினி காட்டும் நேரத்தையும் சுவர்க் கடிகார நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதிவந்தான். அந்தத் திங்கட்கிழமை அதை என்னிடம் நீட்டினான். "சார், பகல்ல ஓடும்போது குறையவே இல்லை. ராத்திரி அணைச்சு வெச்சாத்தான் குறையுது. திங்கக்கிழமைன்னா ரொம்ப அதிகம்."

மற்ற நாள்களில் சுமார் 20 நிமிடம். திங்களன்று சுமார் 80. மாலை 4.30-க்கு மெயின் சுவிட்சை அணைத்தால் காலை 9 மணி வரை 16½ மணி நேரம். வெள்ளி மாலை அணைத்தால் திங்கள் காலை வரை 64½ மணி நேரம். ஏறக்குறைய நான்கு மடங்கு. நான் கரும்பலகையில் நடத்தும் நேர்விகிதம்! ஒரகடத்தில் ஷிப்டு வேலை பார்க்கும் அவன் அப்பா, "பழுது எப்போ வருதுன்னு முதல்ல எழுதி வை" என்பாராம்.

காரணம் இதுதான். மின்சாரம் இல்லாதபோதும் மதர்போர்டிலுள்ள ஒரு சிறு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். அதிலுள்ள குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிரும். இந்த எண் 2-இன் 15-ஆம் அடுக்கு. பதினைந்து முறை பாதியாக்கினால் நொடிக்கு ஒரு துடிப்பு கிடைக்கும். அடுக்குகள் பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. மெயின் அணைந்திருக்கும் நேரத்தில் அதை ஓட்டுவது சிஆர்2032 என்ற 3 வோல்ட் பட்டன் பேட்டரி. அது தளர்ந்தால் நேரம் தவறும். தீர்ந்தால் தேதியே பழைய நாளுக்குப் போய்விடும்.

உங்கள் பள்ளியிலும் இப்படி நேர்ந்தால், முதலில் எப்போது தவறுகிறது என்று பாருங்கள். அணைத்து வைத்த பிறகு மட்டும் தவறினால் பேட்டரியைச் சந்தேகியுங்கள். சரியாக 5½ மணி நேரம் வேறுபட்டால் நேர மண்டல அமைப்பைப் பாருங்கள். ஓடும்போதே தவறினால் பேட்டரி காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. மென்பொருளையோ மதர்போர்டையோ பரிசோதிக்க வேண்டும். நாளுக்கு ஓரிரு நொடி தவறுவது படிகத்தின் இயல்பு. இணையம்வழி நேரத்தைத் தானாகத் திருத்தும் வசதியை இயக்கி வைத்தால் போதும். எங்கள் கணினியில் அது அணைந்திருந்தது. நம் நாட்டின் நேரத்தைப் பேணும் புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகமும் இணையம்வழி நேரம் வழங்குகிறது.

பேட்டரியை மாற்றும் முன் மின்இணைப்பைக் கழற்றிவிடுங்கள். பழைய பேட்டரி இருந்த பக்கத்தைப் பார்த்து, புதியதையும் அப்படியே பொருத்துங்கள். பிறகு தேதியையும் நேரத்தையும் சரிசெய்யுங்கள். கழற்றிய பேட்டரியை மேசைமேல் வைக்காதீர்கள். தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்: பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் ஓரிரு மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்துபோகும். அப்படி நேர்ந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

பேட்டரியை மாற்றினோம். அடுத்த திங்கட்கிழமை நேரம் சரியாக இருந்தது. திட்டியது வகுப்பின் முன்னால் என்பதால், அதே வகுப்பின் முன்னால் அவனிடம் வருத்தம் தெரிவித்தேன். பிறகு அவன் நோட்டிலிருந்த எண்களைக் கரும்பலகையில் எழுதி, அன்றைய பாடத்தை அவனையே தொடங்கச் சொன்னேன்.