பழைய பேப்பர் கடையில் ஒரு தபால்தலை
(வானொலி மறையுரை)



செல்லூரில் பழைய பேப்பர் கடைக்கு எடைக்கு வந்த ஆல்பம் ஒன்றை நம் பங்கு இளைஞர் ஒருவர் அறுபது ரூபாய்க்கு வாங்கினார். உள்ளே காந்தியடிகளின் 10 ரூபாய்த் தபால்தலை இருந்தது. 1948 ஆகஸ்டு 15இல், சுதந்திரத்தின் முதல் ஆண்டு நிறைவன்று வெளிவந்த நான்கில் விலை கூடியது அதுதான், சுவிட்சர்லாந்தில் அச்சானது. அதிலேயே ‘சர்வீஸ்’ என்று மேலச்சிட்ட நான்கு தலைகள் 2017இல் ஐந்து லட்சம் பவுண்டுக்கு விலைபோயின. இவருடையதில் அந்த எழுத்து இல்லை. (உடனே வீட்டுப் பரணை உருட்டாதீர்கள்!)

விலை தெரிந்தவர்கள் தபால்தலையின் முகத்தை முதலில் பார்ப்பதில்லையாம். இடுக்கியால் எடுத்து முதுகைத் திருப்புவார்களாம். பசை அப்படியே இருக்கிறதா, ஆல்பத்திலிருந்து பிய்த்ததில் தாள் மெலிந்திருக்கிறதா, ஓரத்துப் பல் ஒன்றாவது உடைந்திருக்கிறதா, படம் நடுவில் நிற்கிறதா, நிறம் வெளுத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். முத்திரை மையைக் கழுவிவிட்டு, புதுப்பசை தடவி விற்பவர்களும் உண்டு. நம் தறிக்காரர்கள் துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதுபோல இதையும் பார்க்கத்தான் வேண்டும்.

ஆனால் அந்தத் தம்பி என்னிடம் வந்தது விலை கேட்க அல்ல. “ஃபாதர், கடையிலேயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ‘பாதி கிழிஞ்ச பழைய ஸ்டாம்பு’ன்னு சொல்லி வாங்கிட்டேன். தூக்கம் வரல” என்றார். (ஒப்புரவு அருட்சாதனத்தில் சொன்னதல்ல. இங்கே பேச அவரே சம்மதித்தார்.)

நீதிமொழிகள் இருபதாம் அதிகாரத்தில் இவரைப் போல ஒருவர் வருகிறார்: வாங்கும்போது பொருளைக் குறைசொல்லிவிட்டு, வெளியே போய்ப் பெருமையடிப்பவர். புனித தாமஸ் அக்குவினாஸ் 13ஆம் நூற்றாண்டிலேயே இதை நேராக எடுத்துப் பேசினார். பித்தளை என்று நினைத்து ஒருவர் பொன்னை விற்கும்போது, பொன் என்று தெரிந்தே வாங்குபவர் அநீதியாக வாங்குகிறார். அவர் ஈடுசெய்யக் கடமைப்பட்டவர். குருமடத்தில் இதைப் படித்தபோது எனக்குக் கொட்டாவிதான் வந்தது. தம்பி எதிரே உட்கார்ந்திருந்தபோது வரவில்லை.

ஈடு யாருக்கு? கடைக்காரருக்கா, எடைக்குப் போட்ட வீட்டுக்கா? இருவரிடமும் போகச் சொன்னேன். கடைக்காரர் முதலில் கோபப்பட்டார், பிறகு வீட்டைக் காட்டினார். அங்கே கணவரை இழந்த அம்மா ஒருவர். இடத்தை அடைக்கிறது என்று மகன் ஆல்பத்தைத் தூக்கிப் போட்டிருக்கிறார். அந்த அம்மா காந்தி தலையைப் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு தலைக்குக் கீழேயும் கணவர் ஆண்டு எழுதியிருந்த கையெழுத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தாராம்.

முதுகைத் திருப்பிப் பார்த்ததில் தாள் ஓரிடத்தில் மெலிந்திருக்கிறது. எனவே பெரிய தொகை வராது. வருவதை மூன்று பங்காக்கச் சம்மதித்திருக்கிறார்கள். அடுத்த வாரம் மதிப்பிடச் சென்னைக்குப் போகிறார்கள். ரயில் டிக்கெட் எடுத்தவர் கடைக்காரர். ஆல்பம் அந்த அம்மா வீட்டில் இருக்கிறது.