அணைந்த விளக்கை ஆராய்தல்

(சங்கத்து இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் சிறியது. ஆயினும் இக்காலத்தில் பல வீடுகளில் உள்ளது. சுவரோரத்திலும், சமையலறைத் தட்டின் கீழும், சுவாமிப் படங்களைச் சுற்றியும் ஒட்டப்படும் எல்.ஈ.டி. நாடா விளக்கே அப்பொருள். அது ஒருநாள் எரியாது நின்றுவிட்டால் என் செய்வது?

"அந்நாளில் மின்குமிழ் எரிந்துபோனாற் கழற்றிவிட்டுப் புதியதைப் பூட்டினோம். இந்த நாடாவில் எதைக் கழற்றுவது?" என்று பெரியோர் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. இதற்கு விடை தெரியாமையாலேதான் பலர் நாடா முழுவதையும் பிய்த்துக் குப்பையில் எறிகின்றனர். பழுதோ விரலளவான ஓரிடத்தில் இருக்கலாம். நாடாவிலேயே இல்லாமலும் இருக்கலாம். ஆகவே நாம் சொல்ல விரும்புவது ஒன்றே: இருள் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று முதலிற் பாருங்கள். பழுதின் இருப்பிடத்தை இருளே காட்டிக்கொடுக்கும்.

அது எவ்வாறெனில், நாடாவின் அமைப்பை நோக்குதல் வேண்டும். கோயில் திருவிழாவிற் கட்டிய பழைய அலங்கார மின்குமிழ்ச் சரங்களைப் பெரியோர் அறிவர். அவை தொடராக இணைக்கப்பட்டவை. ஒன்று போனாற் சரம் முழுவதும் அணையும். நாடாவோ அவ்வாறன்று. சாதாரண 12 வோல்ற்று வெள்ளை நாடாவில் மூன்று விளக்குகளும் ஒரு தடையியும் தொடராகச் சேர்ந்து ஒரு குழுவாகும். அத்தகைய குழுக்கள் பல சமாந்தரமாக நிற்கின்றன. மீற்றருக்கு 60 விளக்குகள் கொண்ட நாடாவில் ஒரு குழுவின் நீளம் 5 சதமமீற்றர். குழுவுக்குக் குழு வெட்டுமிடம் கோடிட்டுக் காட்டப்பட்டிருக்கும்.

ஆராயத் தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை. நம் வீட்டுச் சுவரில் வருவது 230 வோல்ற்று. அது உயிரைப் பறிக்க வல்லது. அதனை 12 அல்லது 24 வோல்ற்று நேரோட்டமாக மாற்றித் தருவது, 'பவர் சப்ளை' என்று நாம் சொல்லும் பெட்டி. வயர்களையும் நாடாவையும் தொடுமுன் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். பெட்டியை ஒருபோதும் திறவாதீர்கள். பிளக்கைக் கழற்றிய பின்னும் அதனுள்ளே மின்னேற்றம் தங்கியிருக்கக்கூடும். பெட்டியின்றி 230 வோல்ற்றிலே நேராக எரியும் நாடாக்களும் உண்டு. அவற்றில் நாம் கை வைத்தலாகாது; மின்வேலை அறிந்தவரையே அழைத்தல் வேண்டும்.

இனி இருளின் வகைகளைப் பார்ப்போம்.

முதலாவது, முழு இருள். இங்கே நாடாவைச் சந்தேகிக்குமுன் மின் வரும் வழியைச் சந்தேகிக்க வேண்டும். அதே பிளக் துளையில் மேசை விளக்கைச் செருகிப் பாருங்கள். அது எரிந்தால், றிமோட்டின் பற்றறியைப் பாருங்கள். பின்பு பல்மானியை நேரோட்ட அளவில் வைத்துப் பெட்டியின் வெளிவாயிலை அளவிடுங்கள். ஒன்றும் காட்டாவிடிற் பெட்டி பழுது. தனியே 12 காட்டி, நாடாவைப் பூட்டியதும் வெகுவாக இறங்கினால், பெட்டி தளர்ந்துவிட்டது. அல்லது அதன்மேற் பாரம் மிகுதி. அல்லது நாடாவில் எங்கோ குறுஞ்சுற்று உண்டு. 12 நிலைத்து நின்றும் நாடா எரியாவிட்டால் இணைப்புக் கிளிப்பையும், நேர் மறை முனைகள் மாறியுள்ளனவா என்பதையும், இடையிலுள்ள கட்டுப்பாட்டுப் பெட்டியையும் முறையே பாருங்கள்.

இரண்டாவது, ஓரிடம் வரை ஒளி, அதற்கப்பால் இருள். பழுது அந்த எல்லையிலேயே உள்ளது. மூலையில் மடித்த இடத்திற் செப்புத் தகடு பிளந்திருக்கும்; அல்லது ஈயப்பற்று விட்டிருக்கும். அவ்விடத்தை மெல்ல அழுத்தும்போது ஒளி வந்து வந்து போனால் அது உறுதி.

மூன்றாவது, இரு பக்கமும் ஒளியிருக்க, நடுவே ஒரு குழு மாத்திரம் இருள். அக்குழுவில் ஒரு விளக்கோ தடையியோ போய்விட்டது. கோட்டில் வெட்டி அத்துண்டை நீக்கி, மீதியை வயரால் இணைத்தாற் போதும். இழப்பது 5 சதமமீற்றரே.

நான்காவது, தொலை முனையில் மங்கல். இது பழுதன்று, மெல்லிய செப்பினூடே நெடுந்தூரம் செல்லும்போது வோல்ற்று குறைவதால் வருவது. மறுமுனைக்கும் அதே பெட்டியிலிருந்து வயர் கொடுத்தால் தீரும். வர்ண நாடாவில் ஒரு நிறம் மாத்திரம் எங்கும் வராவிடில், அந்நிறத்திற்குரிய வயரையோ, கட்டுப்பாட்டுப் பெட்டியின் அவ்வழியையோ பார்க்க வேண்டும்.

புதிய பெட்டி வாங்குவோர் சிறு கணக்கொன்று செய்தல் நன்று. மீற்றருக்கு 14.4 உவாற்று என்று குறித்த நாடா 5 மீற்றருக்கு 72 உவாற்று. 12 வோல்ற்றில் அது 6 அம்பியர். 60 உவாற்றுப் பெட்டி இங்கே திணறும். ஐந்தில் ஒரு பங்கு கூட்டி, 90 உவாற்றுக்குக் குறையாததை வாங்குக. வோல்ற்று மாறலாகாது, 12 வோல்ற்று நாடாவுக்கு 24 கொடுத்தாற் கருகிவிடும். பெட்டியைக் காற்றில்லாத மூடிய இடத்தில் அடைக்கவும் கூடாது. வெப்பமே அதன் ஆயுளைக் குறைக்கிறது.

நோயின் காரணத்தை அறிந்த பின்பே வைத்தியம் என்பது நம் முன்னோர் அறிந்த நெறி. விளக்குக்கும் அதுவே பொருந்தும். 2014ஆம் ஆண்டில் இயற்பியலுக்கான நோபெல் பரிசு நீல எல்.ஈ.டி.யைக் கண்ட அக்காசாக்கி, அமானோ, நக்காமுரா ஆகிய மூவருக்கு வழங்கப்பட்டது. நம் வெள்ளை விளக்குகள் அந்த நீலத்திலிருந்து பிறந்தவையே. நெடுங்கால முயற்சியாற் கிடைத்த அப்பொருளை அரைநொடி ஆத்திரத்தில் எறிதல் அழகன்று. எறிந்தது மண்ணில் மக்காது கிடக்கும். வீட்டுப் பணமும் வீணாகும்.

ஆகவே இளைஞர்களே, பல்மானி பிடிக்கப் பழகுங்கள். பெரியோர்களே, பிள்ளைகள் பழகும்போது அருகிலிருந்து, பிளக் கழற்றப்பட்டதா என்று ஒருமுறை கேளுங்கள். அந்த ஒரு கேள்வி ஓர் உயிரைக் காக்கக்கூடும்.