கால்வாய் நகரில் ஒரு மார்கழி நாள்



ஒல்லாந்தர் என்றதும் எங்கள் தலைமுறைக்கு முதலில் நினைவுக்கு வருவது சரித்திரப் பாடப்புத்தகம். போர்த்துக்கேயருக்கும் ஆங்கிலேயருக்கும் நடுவே நசுங்கிக் கிடந்த அத்தியாயம் அது. 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தார்கள், 1707இல் தேசவழமையை எழுத்தில் பதிவு செய்தார்கள், 1795இல் போனார்கள். பரீட்சைக்கு இவ்வளவும் போதும். அந்த ஒல்லாந்தரின் தலைநகரான அம்ஸ்ரடாமுக்கு 2019 மார்கழியில் நானும் மனைவியும் போக நேர்ந்தது. அந்த ஒரு நாளைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

என் தம்பி அந்நாட்டின் வடகோடியில் டென் ஹெல்டர் என்ற துறைமுகப் பட்டினத்தில் வாழ்கிறான். எண்பதுகளில் போய்ச் சேர்ந்தவன். அவனுக்கு ஒரே மகள். அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. நாங்கள் பேசும் தமிழ் அவளுக்கு விளங்கும். பதில் பாதி தமிழிலும் பாதி டச்சிலும் வரும். அன்றைய பயணத்துக்கு வழிகாட்டி அவள்தான்.

காலை எட்டரை மணிக்கும் விடியவில்லை. இருட்டோடு ரயில் ஏறி, ஒன்றேகால் மணி நேரத்தில் அம்ஸ்ரடாம் மத்திய நிலையத்தில் இறங்கினோம். பனி கொட்டும் என்று எதிர்பார்த்துப் போன என் மனைவிக்கு ஏமாற்றம். பனி இல்லை, சாரல் மழையும், காதை அறுக்கும் காற்றும்தான். நான் யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுபோன கம்பளித் தொப்பியைப் பார்த்து மகள் சிரித்தாள். தம்பியின் மனைவி தன் சால்வையைக் கழற்றி என் கழுத்தில் சுற்றிவிட்டாள்.

முதலில் படகில் ஏறினோம். கண்ணாடிக் கூரையும் கதகதப்பும் உள்ள படகு. 1613இல் வெட்டத் தொடங்கிய மூன்று பெருங்கால்வாய்கள் நகரை அரைவட்டமாகச் சுற்றி வளைக்கின்றன. கனவான்களின் கால்வாய், சக்கரவர்த்தியின் கால்வாய், இளவரசரின் கால்வாய் என்று அவற்றுக்குப் பெயர். 2010இல் யுனெஸ்கோ இவ்வளையத்தை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. இரு கரையிலும் ஒடுங்கி உயர்ந்த செங்கல் வீடுகள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரு மரவளையும் கொளுக்கியும் நீட்டிக்கொண்டிருக்கின்றன. வீட்டின் முகப்பே வீதிப்பக்கம் சற்றுச் சாய்ந்து நிற்கிறது. கட்டியவன் பிழைவிட்டான் என்று நினைத்தேன். பிழை இல்லை. வள்ளத்தில் வரும் மூட்டைகளைக் கயிறு கட்டி மேல்மாடிக் களஞ்சியத்துக்கு இழுக்கும்போது அவை சுவரில் மோதாதிருக்க வேண்டுமென்றே அப்படிக் கட்டினார்களாம். அந்த மூட்டைகளில் மிளகும் இருந்திருக்கும், எங்கள் நாட்டுக் கறுவாவும் இருந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

இந்த நகரம் முழுவதும் சேற்றில் நிற்கிறது. சேற்றுக்குக் கீழே உள்ள மணற்படை வரை மரக்குற்றிகளை இறக்கி அவற்றின்மேல் கட்டியிருக்கிறார்கள். நீருக்குள் காற்றுப் படாமல் இருக்கும் மரம் உக்குவதில்லை. அரச மாளிகைக்கு முன்னால் நின்று மகள் ஒரு கணக்குச் சொன்னாள். அம்மாளிகையின் கீழே 13,659 குற்றிகள் இருக்கின்றனவாம். வருடத்துக்கு எத்தனை நாள்? 365. முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்பதும் போட்டால் விடை. பள்ளிக்கூடத்தில் இப்படித்தான் பாடமாக்கினாளாம். நான் ஆசிரியனாக இருந்த காலத்தில் இப்படியொரு உபாயம் எனக்குத் தோன்றவில்லையே என்று பொறாமையாக இருந்தது.

வழியில் ஒரு பழைய வீட்டின் யன்னலில் அறிவித்தல் தொங்கியது. மகள் உரத்து வாசித்தாள்: "கந்தோர் தெ ஹூர்."

"கந்தோர் வாடைக்கு விடப்படும் எண்டு போட்டிருக்கு, அப்பிடியோ?" என்று கேட்டேன்.

அவள் திகைத்துப்போனாள். "பெரியப்பா, உங்களுக்கு டச்சு தெரியுமா?"

"எங்கட அப்பு தபால் கந்தோரிலைதானே வேலை செய்தவர்" என்றேன். மேசையில் இருக்கும் லாச்சியும் அவர்கள் விட்டுப்போன சொல்தான். கக்கூசு என்ற சொல்லையும் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதற்குப் பிறகு தெருவெல்லாம் சொல் பொறுக்கினோம். நொத்தாரிசு கிடைத்தது. கடையோரத்தில் பொரித்து விற்ற ஒலிபொலனுக்கு மட்டும் எங்களிடம் சொல் இல்லை. ஆனால் பலகாரம் இருக்கிறது: வாய்ப்பனுக்குச் சீனிமா தூவினால் அதுதான்.

பழைய கிழக்கிந்தியக் கம்பனி மாளிகைக்கும் போனோம். 1606இல் கட்டியது. கம்பனியின் பதினேழு கனவான்கள் கூடி, எந்தக் கடலுக்கு எத்தனை கப்பல் என்று தீர்மானித்த இடம். இன்று அது பல்கலைக்கழகம். முற்றத்தில் சைக்கிள்களைச் சாத்திவிட்டுப் பிள்ளைகள் பாண் தின்றுகொண்டிருந்தார்கள். நான் கோபப்படுவேன் என்று தம்பி எதிர்பார்த்தானோ என்னவோ, என் முகத்தையே பார்த்தான். குளிரில் எனக்குக் கோபம் வரவில்லை. அரும்பொருட் காட்சியகத்துக்குப் போக நேரம் போதவில்லை. 1765இல் கண்டியிலிருந்து கொள்ளையாக எடுத்துப்போன பீரங்கி அப்போது அங்கேதான் இருந்தது. 2023 மார்கழியில் அது கொழும்புக்குத் திரும்பிவிட்டது.

மூன்று மணிக்கு இளவரசரின் கால்வாய்க் கரையில் 263ஆம் இலக்க வீட்டு வாசலுக்கு வந்தோம். ஆன் பிராங்க் என்ற யூதச் சிறுமி ஒளித்திருந்த வீடு. நுழைவுச்சீட்டை மணிக்கணக்குப் பார்த்து முற்கூட்டியே எடுக்க வேண்டும். பல கிழமைகளுக்கு முன்னரே ஐந்து சீட்டு எடுத்து வைத்திருந்தாள் மகள். வாசலில் தம்பி நின்றுவிட்டான்.

"நான் வெளியிலை நிக்கிறன் அண்ணை. நீங்கள் பாத்திட்டு வாங்கோ."

"இவர் இதோடை மூண்டாந்தரம்" என்றாள் தம்பியின் மனைவி. "எப்பவும் வாசல் வரைதான்." அப்பாவுக்கு மியூசியம் பிடிக்காது என்று மகள் தோளைக் குலுக்கிவிட்டு உள்ளே போனாள்.

1942 ஜூலை 6ஆம் திகதி அந்தக் குடும்பம் இங்கு வந்து ஒளித்தது. பின்னர் வந்தவர்களோடு எட்டுப் பேர். 1944 ஓகஸ்ட் 4ஆம் திகதி பிடிபடும் வரை இருபத்தைந்து மாதங்கள். முன்பக்கம் தந்தையாரின் கந்தோரும் களஞ்சியமும். இறைச்சிக்கு இடும் வாசனைச் சரக்குகளை அரைக்கும் பொறிகள் கீழே இருந்தன. வேலையாட்கள் நிற்கும் நேரமெல்லாம் மேலே இருப்பவர்கள் நடக்கவோ, குழாய் திறக்கவோ, இருமவோ கூடாது. புத்தக அலுமாரி ஒன்று கதவுபோலத் திறக்கிறது. அதன் பின்னால் ஏணி போன்ற செங்குத்தான படி. அறைகளில் தளபாடம் எதுவும் இல்லை. உயிரோடு மீண்ட ஒரேயொருவரான தந்தையார் அப்படியே வெறுமையாக விடச் சொன்னாராம். மகளின் நாட்குறிப்பை 1947இல் வெளியிட்டவரும் அவரே.

சுவர்க் கடதாசியில் ஓரிடத்தில் பென்சில் கோடுகள் இருந்தன. ஒளித்திருந்த காலத்தில் பெண் பிள்ளைகள் இருவரும் வளர வளரத் தகப்பன் அளந்து போட்ட அடையாளங்கள். மகள் அந்தக் கோட்டின் அருகே போய்த் தன் உயரத்தை ஒத்துப் பார்த்தாள். என் மனைவி என் கையைப் பிடித்தாள். இருவருக்கும் நினைவு ஒரே இடத்துக்குத்தான் போயிருந்தது.

1985இல் எங்கள் வீட்டுக் குசினிக்கு மேலே இருந்த பரணில் தம்பி பதினேழு நாள் கிடந்தான். அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. ஊரில் சுற்றிவளைப்பும் தேடுதலும். புகைக்குள் படுத்திருந்தவனுக்கு இருமல் பிடித்துவிட்டது. படலையில் ஆள் அரவம் கேட்டால் அம்மா ஓடிப்போய் உரலில் உலக்கையைப் போடுவா. மேலே இருமும் சத்தம் கீழே இடிக்கும் சத்தத்தில் அமுங்கிவிடும். "என்ன உங்கட வீட்டிலை ஒவ்வொரு நாளும் மா இடிக்கிறியள்?" என்று அயலட்டையில் கேட்டதும் உண்டு. பதினெட்டாம் நாள் விடியற்காலை தம்பி புறப்பட்டுப் போனான். அம்மாவை அவன் பிறகு காணவில்லை.

"உன்ரை அப்பாவும்..." என்று தொடங்கிவிட்டு நிறுத்தினேன். அவன் சொல்லாததை நான் சொல்வது முறையல்ல என்று பட்டது. மகள் விடவில்லை. "அப்பாவும் என்ன, பெரியப்பா?"

"அப்பாவைக் கேள்" என்றேன்.

வெளியே வந்தபோது நாலரை மணி. இருட்டிவிட்டது. பாலங்களின் வளைவுகளில் மின்குமிழ்கள் எரிந்தன, தண்ணீரிலும் எரிந்தன. தம்பி கால்வாய்க் கம்பியைப் பிடித்தபடி நின்றான். எங்களுக்காக வாங்கிய ஒலிபொலன் பை அவன் கையில் ஆறிப்போயிருந்தது. மகள் எதுவும் கேட்கவில்லை. அவனுடைய மேலங்கிப் பைக்குள் தன் கையையும் விட்டுக்கொண்டு பக்கத்தில் நடந்தாள்.

ரயில் பாதிவழி வந்திருக்கும். பெண்கள் இருவரும் கண்ணயர்ந்துவிட்டார்கள். தம்பி யன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அண்ணை, அம்மா அந்த நாளையிலை இடிச்ச மாவெல்லாம் என்ன செய்தவ?"

"எந்த மா?"

"நான் மேலை கிடக்கேக்கை இடிச்ச மா."

அவன் பரணில் கிடந்தவன். சத்தம் மட்டும்தான் கேட்டிருக்கிறான்.

"அதுக்குள்ளை ஒண்டும் இல்லையடா. வெறும் உரல்" என்றேன்.

முப்பத்துநான்கு வருடம் அவனுக்கு அது தெரியாது. நெடுநேரம் பேசாமல் இருந்தான். மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்பா, உரல் எண்டால் என்ன?"

அவன் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்து டச்சு மொழியில் சொல்லத் தொடங்கினான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இடையிடையே 'உரல்' என்ற சொல் மட்டும் தமிழில் வந்து வந்து போயிற்று.