முதல் தங்கத்துக்கு எட்டு வருஷம்

பனிச்சறுக்கு என்றதும் மலையிலிருந்து சர்ரென்று இறங்குவதுதான் நினைவுக்கு வரும். நெடுந்தூரப் பனிச்சறுக்கு அப்படியல்ல. காலில் நீளமான பட்டைகள், இரண்டு கையிலும் ஊன்றுகோல், மேட்டிலும் சொந்த பலத்தில் ஏற வேண்டும். மூச்சு வாங்கிவிடும்!

நார்வேயின் ரோக்னெஸ் என்ற சிற்றூரில் வளர்ந்த மாரிட் பியோர்கன் இந்த விளையாட்டின் வீராங்கனை. 2002 ஒலிம்பிக்கில் ஒரு வெள்ளி, 2006-இல் இன்னொரு வெள்ளி. அவ்வளவுதான். வேறொருவராக இருந்தால் மனம் விட்டுப் போயிருக்கும். இவர் 2010-இல் வான்கூவர் போய் மூன்று தங்கம் வென்றார். அடுத்து சோச்சி ஒலிம்பிக்கில் இன்னும் மூன்று.

2015 டிசம்பரில் மகன் பிறந்தான். இனி வரமாட்டார் என்று நினைத்தவர்கள் உண்டு. 2017 உலகப் போட்டியில் நான்கு தங்கம்! எனக்கு மிகவும் பிடித்தது அந்த 2017-ஆம் வருஷம்தான்.

2018, தென்கொரியா. வயது 37. கடைசி ஒலிம்பிக் பந்தயம், 30 கிலோமீட்டர். அவர் எல்லைக்கோட்டைத் தாண்டி 1 நிமிடம் 49 வினாடி கழித்துத்தான் இரண்டாமவர் வந்தார். அது அவருடைய 15-ஆவது ஒலிம்பிக் பதக்கம், எட்டாவது தங்கம். அதுவரை குளிர்கால ஒலிம்பிக்கில் அத்தனை பதக்கம் ஆணோ பெண்ணோ யாருமே வாங்கியதில்லை.