திறந்திடு சீசே! வளைகுடாக் குழந்தைகளைச் சிரிக்க வைத்த தொடர்



1956-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தில் எம்.ஜி.ஆர். குகை வாசலில் நின்று 'திறந்திடு சீசே' என்பாரே, ஞாபகம் இருக்கிறதா? அதை அரபியில் 'இஃப்தஹ் யா ஸிம்ஸிம்' என்பார்கள். ஸிம்ஸிம் என்றால் வேறொன்றுமில்லை, நம்ம ஊர் எள்ளுதான்!

இந்தப் பெயரிலேயே 1979-ல் குவைத்தில் ஒரு குழந்தைகள் தொலைக்காட்சித் தொடர் தொடங்கியது. மூலம், 1969-ல் அமெரிக்காவில் ஆரம்பித்த 'செசமி ஸ்ட்ரீட்'. குழந்தைகள் நீண்ட பாடத்தைவிட விளம்பரங்களைத்தான் கண்கொட்டாமல் பார்க்கிறார்கள் என்று கவனித்தவர்கள், எழுத்தையும் எண்ணையும் விளம்பரம் மாதிரியே துண்டு துண்டான வேடிக்கைக் காட்சிகளாக்கினார்கள். குவைத்தில் அப்படியே மொழிமாற்றி விடவில்லை. எர்னியும் பெர்ட்டும் அனீஸ், பத்ர் ஆனார்கள். கூடவே நுஃமான் என்ற பெரிய ரோமப் பொம்மையும், மல்சூன் என்ற கிளியும் இந்த மண்ணுக்கென்றே பிறந்தார்கள். நுஃமானைப் பார்த்தால் ஒட்டகம் நினைவுக்கு வரும். உள்ளே இருந்து ஆட்டுவித்தது ஒரு மனிதர்.

பெரிய சிக்கல் மொழியில்தான். பாக்தாத் குழந்தையின் பேச்சு வேறு, மஸ்கட் குழந்தையின் பேச்சு வேறு. யார் பேச்சில் ஜோக் அடிப்பது? எளிமையாக்கிய பொது அரபியையே எடுத்துக்கொண்டார்கள். பள்ளிப் புத்தகத்திலும் செய்தியிலும் வரும் அரபி அது. எந்தத் தாயும் வீட்டில் தாலாட்டுக்குப் பேசாதது. அதில் பிள்ளைகள் சிரிப்பார்களா என்ற சந்தேகம் நியாயமானதுதான்.

சிரித்தார்கள். எங்கள் ஒர்க்ஷாப்பில் ஓர் ஈராக்கிய போர்மேன், ஓர் ஓமானி லாரி டிரைவர். இருவருக்கும் ஐம்பதைத் தாண்டிவிட்டது. லோடு விஷயத்தில் தினமும் சண்டை. ஒருநாள் டீ நேரத்தில் நான் சும்மா 'நுஃமான்' என்றேன். அவ்வளவுதான்! இரண்டு பேரும் ஒரே குரலில் முகப்புப் பாட்டைப் பாட ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு அன்றைக்கு டீ இலவசம், அது வேறு கதை.

தொடரைத் தயாரித்த வளைகுடா நாடுகளின் கூட்டு நிறுவனத்தில் ஈராக்கும் ஒரு பங்காளி. 1990 ஆகஸ்டில் அதே ஈராக்கின் படை குவைத்துக்குள் புகுந்தது. தயாரிப்பு நின்றது. பிறகு அபுதாபியிலிருந்து புதிதாக வந்தது 2015-ல். நடுவில் இருபத்தைந்து வருடம்! ஒரு தலைமுறையே நுஃமான் இல்லாமல் வளர்ந்துவிட்டது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் அறையில் நாலு பேர், நாலு தமிழ். நாகர்கோவில், கோவை, யாழ்ப்பாணம், மலையகம். 2007-ல் சுட்டி டிவி வந்தபோது நம் பிள்ளைகளும் தமிழ் பேசும் டோராவைப் பார்த்தார்கள். யாழ்ப்பாணத்து அண்ணனின் மகள் போனில் திடீரென்று சென்னைப் பிள்ளை மாதிரிப் பேசினாளாம். "என்ர பிள்ளையோ இது?" என்று அன்றைக்குச் சிரித்தவர், போனை வைத்த பிறகு வெகுநேரம் பேசாமல் இருந்தார். "எங்கட கதையில ஒரு பொம்மை வந்திருந்தா நானும் பக்கத்தில இருந்து பாத்திருப்பன்" என்று இப்போதும் சொல்வார். மகளுக்கு இப்போது கல்யாண வயது.