பெயரின் வாலைப் பாருங்கள்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"தொழில் அனுபவம் ஏதாவது பத்து நிமிஷம் சொல்லுப்பா"ன்னு சங்கச் செயலாளர் கேட்டார். சாதனை என்று சொல்லிக்கொள்ள என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன். அது இந்தக் கல்லூரியின் முதலாமாண்டு வேதியியல் வகுப்பில் தொடங்குகிறது.

2006இல் மெக்கானிக்கல் பிரிவில் சேர்ந்தேன். பிளஸ் டூ வரை தமிழ் வழி. நாம எல்லாரும் 'வால் சார்' என்று பட்டப்பெயர் வைத்தோமே, அவர்தான் வேதியியல் எடுத்தார். முதல் வாரமே சேர்மங்களுக்குப் பெயரிடும் விதிகளை ஆரம்பித்தார். "மெக்கானிக்கல்காரனுக்கு இது எதுக்குடா?" என்று கடைசி பெஞ்சில் முணுமுணுத்தவர்களில் நானும் ஒருவன்.

சார் சொன்னார்: "மயில்துத்தம், வெடியுப்பு, அன்னபேதின்னு அந்தக் காலத்துல பேரு வெச்சாங்க. கேட்க நல்லா இருக்கும். ஆனா உள்ளே என்ன இருக்குன்னு பேரு சொல்லாது. ஐரோப்பாவுலயும் அதே கதைதான். 1787இல் லவாய்சியே உட்பட நாலு பிரெஞ்சுக்காரங்க சேர்ந்து, பேரைச் சொன்னாலே சரக்கு தெரியணும்னு ஒரு முறை வகுத்தாங்க. மயில்துத்தம் இப்போ காப்பர் சல்பேட். தாமிரம் இருக்கு, கந்தகம் இருக்கு. ஆக்சிஜன் எங்கே? பேரோட வால்ல இருக்கு. வாலைப் பாருங்கப்பா!"

பிறகு கரும்பலகையில் ஐந்து பெயர்கள் எழுதினார். சோடியம் குளோரைடு, ஆக்சிஜன் இல்லை. ஹைப்போகுளோரைட்டு, ஒன்று. குளோரைட்டு, இரண்டு. குளோரேட்டு, மூன்று. பெர்குளோரேட்டு, நான்கு. "முதல் ஆளு நம்ம ரசத்துல இருக்கான். ரெண்டாவது ஆளு துணியை வெளுக்குறான். குளோரேட்டு குடும்பம் தீக்குச்சி மருந்துல இருக்கு. பெர்குளோரேட்டு குடும்பம் ராக்கெட்டோட திட எரிபொருள்ல இருக்கு. வால் மாறினா குணம் மாறும்."

வகுப்பே சிரித்தது. நான் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தேன், மார்க் வாங்கினேன், மறந்தேன்.

2013இல் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையில் பராமரிப்புப் பொறியாளராக இருந்தேன். தோலிலிருந்து மயிரை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்ப்பார்கள். அந்தக் கழிவுநீர் காரத்தன்மை உள்ளது. பிறகு உப்பும் கந்தக அமிலமும் சேர்த்து ஊறவைத்து, குரோமியம் சல்பேட்டில் பதனிடுவார்கள். அந்தக் கழிவுநீர் அமிலம். இரண்டுக்கும் தனித்தனி வாய்க்கால், தனித்தனி தொட்டி. ஏன் தனித்தனி என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

ஒரு நாள் அமிலத் தொட்டியின் பம்பு நின்றுவிட்டது. தொட்டி வழிகிற நிலை. பக்கத்துச் சுண்ணாம்புத் தொட்டியில் இடம் இருந்தது. தண்ணீரை அதில் திருப்பச் சொன்னேன். வால்வு அருகே நின்ற தொழிலாளி, என்னைவிட இருபது வயது மூத்தவர், தயங்கினார். "சார், அதுல இதை விடலாமா?"

நான் சொன்ன பதில் இன்றும் என் காதில் இருக்கிறது: "அது சல்பைடு, இது சல்பேட்டு. ரெண்டும் ஒரே குடும்பந்தாண்ணே. ஒண்ணும் ஆகாது, திறங்க."

திறந்தார். அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. கொஞ்ச நேரத்தில் நாற்றம் தெரியவில்லை. சரியாகிவிட்டது என்று நினைத்தேன். அந்த வாயு அதிகமானால் மூக்கு மரத்துப்போகும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அண்ணன் மேடையிலேயே சரிந்தார். மேஸ்திரி மதகை அடைக்கச் சொல்லிக் கத்திவிட்டு, காற்று வரும் பக்கமாகப் போய் அவரை இழுத்து வந்தார். அப்படிப் போனதுகூட ஆபத்துதான். காப்பாற்றப் போகிறவரும் அதே வாயுவில் விழுவார். தொட்டி திறந்தவெளியில் இருந்ததும், அன்று நல்ல காற்று அடித்ததும்தான் எங்களைக் காப்பாற்றின.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் மனைவி என்னிடம் கேட்டார்: "ஏதோ கேஸுன்னு சொல்றாங்க, அது பேரு என்னங்க சார்?"

"ஹைட்ரஜன் சல்பைடு" என்றேன். சொன்ன பிறகுதான் அந்த வால் எனக்கு உறைத்தது.

சல்பேட்டில் கந்தகத்தைச் சுற்றி நான்கு ஆக்சிஜன் காவல் நிற்கிறது. கழிவுத் தொட்டி அமிலம் அதை ஒன்றும் செய்யாது. சல்பைடில் அந்தக் காவல் இல்லை. அமிலம் பட்டால் ஹைட்ரஜன் சேர்ந்து விஷவாயுவாகக் கிளம்பிவிடும். தொட்டியின் மேலேயே 'சல்பைடு' என்று பலகை இருந்தது. தினமும் பார்த்தேன், ஒருநாளும் படிக்கவில்லை.

அண்ணன் மூன்றாம் நாள் வீடு திரும்பினார். அந்த வாரமே பிளஸ் ஒன் வேதியியல் புத்தகம் வாங்கி, முதலிலிருந்து படித்தேன். அப்போதுதான் இன்னொன்றும் கவனித்தேன். நம் எழுத்தில் ஒரே 'ட'தான் இரண்டு ஒலிக்கும் நிற்கிறது. சல்பைடு, சல்பைட்டு இரண்டுக்கும் ஒரு புள்ளி எழுத்துதான் வித்தியாசம். சல்பைட்டில் மூன்று ஆக்சிஜன். அமிலம் பட்டால் கந்தக டை ஆக்சைடு வரும். அதுவும் நஞ்சு, ஆனால் வேறு நஞ்சு. அதனால் பலகைகளில் பெயரோடு குறியீட்டையும், 'அமிலம் படக்கூடாது' என்பதையும் தமிழில் பெரிதாக எழுத வைத்தேன். தொழிலாளர்களுக்குச் சார் சொன்ன அதே ஐந்து பெயர் பாடத்தை நடத்தினேன். ஹைட்ராக்சைடு மாதிரி விதிவிலக்குகளையும் சொன்னேன். ரசம், தீக்குச்சி, ராக்கெட் என்றதும் அவர்களும் சிரித்தார்கள். ஆனால் என்னைப்போல மறக்கவில்லை.

பிறகு ஒருமுறை சாரைப் பார்த்து நடந்ததையெல்லாம் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "அந்த ஆளு இப்போ நல்லா இருக்காராப்பா?" நல்லா இருக்கார் என்றதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

மாணவச் செல்வங்களே, விதிகளை மனப்பாடம் செய்தால் மார்க் வரும். அது தவறில்லை. ஆனால் நீங்கள் கையெழுத்துப் போடும் இடத்தில் வால்வைத் திறக்கப் போகிறவர் வேறொருவர். அவர் "விடலாமா சார்?" என்று கேட்டால், ஒரு நிமிஷம் நின்று பெயரைக் கடைசி எழுத்து வரை படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே சொல்லுங்கள்.