கோழித் தீவனமும் மரபணு மாற்றிய மக்காச்சோளமும்

(சிறுசேரியில் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



மரபணு மாற்றிய மக்காச்சோளத்தைக் கறிக்கோழிக்கு இடலாமா, அக்கோழியை நாம் உண்ணலாமா என்னும் வினா கிராமங்களில் எழுந்துள்ளது. அச்சத்தை மட்டும் கொண்டு இதற்கு விடை காண இயலாது. அலட்சியமும் உதவாது. ஆதலின் படிப்படியாக ஆராய்வோம்.

கறிக்கோழி ஒன்று ஏறத்தாழ 40 நாட்களில் 2 கிலோ எடையை எட்டுகிறது. அதற்குள் சுமார் மூன்றரைக் கிலோ தீவனம் தின்கிறது. அதில் பாதிக்கு மேல் மக்காச்சோளமே. 1,000 குஞ்சுகளை இறக்கி வளர்ப்பதற்கு 2 டன் அளவு மக்காச்சோளம் தேவைப்படும். 2024-ஆம் ஆண்டில் எத்தனால் ஆலைகள் இத்தானியத்தை மிகுதியாக வாங்கியதால் விலை உயர்ந்தது. மரபணு மாற்றிய தானியத்தை வெளிநாட்டிலிருந்து தருவிக்க அனுமதி வேண்டுமென்று கோழித் தொழில் செய்வோர் கேட்டனர். மக்காச்சோளம் விளைவிப்போரோ, தம் விளைபொருளின் விலை வீழுமே என்று கவலையுற்றனர். இரு சாராரும் நம்மவரே.

புழுவை எதிர்க்கவோ களைக்கொல்லியைத் தாங்கவோ வேறோர் உயிரின் மரபணுவைச் சேர்த்து ஆக்கிய பயிர் இது. அமெரிக்காவில் 1996 முதல் பயிராகிறது. இன்று அங்கு மக்காச்சோளப் பரப்பில் 90 சதவீதத்திற்கு மேல் இவ்வகையே. இதைத் தின்ற கோழிக்கும் சாதாரணத் தானியம் தின்ற கோழிக்கும் வளர்ச்சியில் குறிப்பிடத்தக்க வேறுபாட்டை ஆராய்ச்சியாளர் காணவில்லை. தானியத்திலுள்ள மரபணுவும் புரதமும் கோழியின் இரைப்பையிலும் குடலிலும் செரித்துச் சிதைந்துவிடுகின்றன. புல் தின்ற ஆடு புல்லாகிவிடுவதில்லை அல்லவா? நம் நாட்டிலும் பி.டி. பருத்திக்கு 2002-இல் அனுமதி கிடைத்தது. நம் மாடுகள் தின்னும் பருத்திக்கொட்டையும் அதன் புண்ணாக்கும் பெரும்பாலும் அப்பருத்தியிலிருந்து வருபவையே.

அங்ஙனமாயின் தடை எதற்கு என்று கேட்கலாம். 2021 ஆகஸ்டில் மத்திய அரசு 12 லட்சம் டன் மரபணு மாற்றிய சோயாப் புண்ணாக்கைக் கோழித் தீவனத்திற்கெனத் தருவிக்க இசைந்தது. எண்ணெய் எடுத்து நொறுக்கிய புண்ணாக்கு முளைக்காது என்பதே அதற்குக் கூறிய காரணம். முழு மணியாக வரும் மக்காச்சோளமோ விதையாகும். சிந்திய மணி ஈர மண்ணில் முளைக்கும். அதன் மகரந்தம் காற்றில் பறந்து அண்டை வயலையும் சேரும். விரும்பாத விவசாயியின் கதிரிலும் அது கலந்துவிடும்.

2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நிகழ்ந்ததைக் கூறுவோம். ஸ்டார்லிங்க் என்னும் மக்காச்சோளத்துக்குக் கால்நடைத் தீவனமாக மட்டுமே அனுமதி இருந்தது. ஒவ்வாமை உண்டாக்குமோ என்னும் ஐயம் தீராமையால் மனிதர் உணவுக்கு அனுமதி தரப்படவில்லை. எனினும் அது கடையில் விற்ற உணவுப் பண்டங்களில் கலந்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டு, நூற்றுக்கணக்கான பண்டங்கள் திரும்பப் பெறப்பட்டன. தீவனத்துக்கென்று வந்த தானியம் தீவனத்தோடு நின்றுவிடும் என்று நம்பியிருத்தல் கூடாது.

ஆகவே நாம் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, தீவனத்திற்கு வாங்கிய மணியை ஒருபோதும் விதைக்கக் கூடாது. அனுமதி பெறாத மரபணு மாற்றிய விதையை விற்பதும் பயிரிடுவதும் 1989-ஆம் ஆண்டு விதிகளின்படி தடைசெய்யப்பட்டுள்ளன. இரண்டாவது, விதையைச் சான்றுள்ள கடையில் ரசீதுடன் வாங்குக. மலிவென்று கைம்மாற்றாக வரும் விதையை ஏற்காதீர்.

மூன்றாவது, பூஞ்சணத்தை மறவாதீர். எவ்வகை மக்காச்சோளமாயினும் ஈரத்தோடு அடுக்கினால் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு தோன்றிக் கோழியின் ஈரலைக் கெடுக்கும். கடற்கரையை அடுத்த நமது பகுதியில் ஐப்பசி, கார்த்திகை மழையில் இவ்வபாயம் மிகுதி. தானியத்தை ஈரம் 12 சதவீதத்திற்கு மேற்படாமல் உலர்த்தி, மரச்சட்டத்தின் மீது, சுவரை ஒட்டாமல் அடுக்குக. ஐயமுள்ளோர் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தாரைக் கலந்துகொள்ளலாம்.

கோழி வளர்ப்போரும் தானியம் விளைவிப்போரும் ஒரே கிராம சபையில் அமர்பவர்கள். ஒருவர் பிழைப்பு மற்றவரைக் கெடுக்காதவாறு இவ்விஷயத்தைச் சபையில் பேசி முடிவு செய்யுங்கள்.